வெளிநாட்டில் வெளுக்கப்படும் பணமும் உள்நாட்டு நீதிமன்றத்தின் நியாயாதிக்கமும்

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் இன்று எழும்பும் கல்வீடுகளில் கணிசமானவை கடல் கடந்த உழைப்பினால் எழும்புபவை. காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் ஓட்டமாவடியிலும் கட்டாரினதும் சவூதி அரேபியாவினதும் றியால் உண்டு. களுவாஞ்சிக்குடியிலும் கொக்கட்டிச்சோலையிலும் சுவிற்சர்லாந்தின் பிராங்கும் கனடாவின் டொலரும் உண்டு. அப்பணம் வங்கி வழியாகவும் வருகிறது, உண்டியல் வழியாகவும் வருகிறது. அனுப்புபவர் யார் என்பது பெறுபவருக்குத் தெரியும். இடையில் அது யார் யார் கைப்பட்டு வந்தது என்பது பெரும்பாலும் தெரியாது.

இத்தகைய ஒரு பிரதேசத்தில், “குற்றம் டுபாயில் நடந்திருந்தால் இங்குள்ள நீதிமன்றத்துக்கு அதில் என்ன வேலை?” என்ற கேள்வி வெறும் சட்ட மாணவர்களின் கேள்வியன்று. சூரிச்சில் நடந்த மோசடிக்குச் சூரிச் நீதிமன்றமும், சிங்கப்பூர்க் கணக்குக்குச் சிங்கப்பூர் நீதிமன்றமும்தான் பொறுப்பு என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கின்றனர். இந்த எண்ணம் தவறானது. அதேவேளை, வெளிநாட்டிலிருந்து பெருந்தொகை வந்துவிட்டாலே அது குற்றப்பணம் என்ற எண்ணமும் தென்னிலங்கை அரசியல் மேடைகளில் அவ்வப்போது ஒலிக்கிறது. அதுவும் அதே அளவுக்குத் தவறானது. இவ்விரு தவறுகளுக்கும் இடையே சட்டம் எங்கே நிற்கிறது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பணம் தூயதாக்கல் என்று நமது சட்டம் அழைக்கும் குற்றம் தனியாக நிற்பதில்லை. அதற்கு முன்னால் வேறொரு குற்றம் நடந்திருக்க வேண்டும். போதைப்பொருள் விற்பனை, இலஞ்சம், மோசடி, ஆட்கடத்தல் ஆகியவற்றில் ஏதோவொன்று முதலில் பணத்தைப் பிறப்பிக்கிறது. அந்தப் பணத்தின் பிறப்பை மறைத்து, அதற்கு நல்ல குலம் கோத்திரம் கற்பிக்கும் காரியமே தூயதாக்கல். முதற்குற்றம் ஒரு நாட்டிலும், பணத்தை மாற்றும் வேலை இன்னொரு நாட்டிலும், காணி வாங்கும் வேலை மூன்றாவது நாட்டிலும் நடக்கலாம். ஆகவே குற்றம் எங்கே நடந்தது என்ற கேள்விக்கு ஒரே ஓர் ஊரின் பெயரைப் பதிலாகச் சொல்ல முடிவதில்லை. நியாயாதிக்கச் சிக்கல் இங்கிருந்தே தொடங்குகிறது.

தன் எல்லைக்குள் நடந்ததை மட்டுமே ஒரு நாடு தண்டிக்கலாம் என்பது பழைய விதி. அந்த விதிக்கு நெடுங்காலத்துக்கு முன்பே விலக்குகள் தோன்றிவிட்டன. 1926 இல் ‘லோட்டஸ்’ என்ற பிரெஞ்சுக் கப்பல் திறந்த கடலில் துருக்கியக் கப்பலொன்றுடன் மோதியதில் துருக்கியர் எண்மர் மாண்டனர். பிரெஞ்சு அதிகாரியைத் துருக்கி தன் நீதிமன்றத்தில் விசாரித்தது. பிரான்ஸ் ஆட்சேபித்தது. சர்வதேச நிரந்தர நீதிமன்றம் 1927 இல் துருக்கியின் பக்கம் தீர்ப்பளித்தது. செயல் ஓரிடத்திலும் விளைவு வேறோரிடத்திலும் நிகழுமாயின், விளைவு நிகழ்ந்த இடத்தின் நீதிமன்றமும் விசாரிக்கலாம் என்ற கருத்துக்கு அத்தீர்ப்பு வலுச்சேர்த்தது.

இலங்கையைப் பொறுத்தவரை 1978 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க நீதித்துறைச் சட்டத்தின் 9 ஆம் பிரிவே அடிப்படை. முற்றாகவோ பகுதியாகவோ இலங்கையில் புரியப்பட்ட குற்றத்தை மேல் நீதிமன்றம் விசாரிக்கலாம் என்கிறது அது. ‘பகுதியாகவோ’ என்ற அந்த ஒரு சொல்லில் பெரும் அதிகாரம் அடங்கியிருக்கிறது. குற்றத்தின் சங்கிலியில் ஒரே ஒரு கண்ணி காத்தான்குடியிலுள்ள ஒரு வங்கிக் கிளையில் பூட்டப்பட்டிருந்தாலும் போதுமானது. அதே பிரிவு மேலும் ஒரு படி சென்று, இலங்கைப் பிரசை ஒருவர் நாட்டுக்கு வெளியே எங்கு குற்றம் புரிந்தாலும் அதனையும் மேல் நீதிமன்றத்தின் நியாயாதிக்கத்துக்குள் கொண்டுவருகிறது. டோகாவிலோ தொறொன்ரோவிலோ வாழும் ஒருவர் இலங்கைக் கடவுச்சீட்டைக் கையில் வைத்திருக்கும்வரை இலங்கைச் சட்டமும் அவரைத் தொடர்கிறது என்பதே இதன் பொருள்.

இந்த அதிகாரம் ஏட்டில் மட்டும் இருந்ததன்று. 1982 ஜூன் 30 ஆம் திகதி சேபால ஏக்கநாயக்க என்ற இலங்கையர் இத்தாலியின் அலிற்றாலியா நிறுவனத்தின் ஜம்போ விமானமொன்றைக் கடத்திப் பாங்கொக்கில் நிறுத்திவைத்தார். மனைவியையும் பிள்ளையையும் தம்மிடம் சேர்க்க வேண்டும், மூன்று இலட்சம் அமெரிக்க டொலர் தரவேண்டும் என்பன அவரது கோரிக்கைகள். இரண்டும் கிடைத்தன. பணத்துடனும் குடும்பத்துடனும் அவர் நாடு திரும்பியபோது அவரை வீரனாக வரவேற்றவர்களும் இருந்தார்கள் என்பது இன்று வியப்பாகத் தோன்றும். விமானம் இத்தாலியினுடையது, சம்பவம் நடந்த மண் தாய்லாந்தினுடையது. விமானக் கடத்தலைக் குற்றமாக்கும் சட்டமே அன்று இலங்கையில் இருக்கவில்லை. அரசு அவசரமாக 1982 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க விமானங்களுக்கெதிரான தவறுகள் சட்டத்தை இயற்றி, அதற்குப் பின்னோக்கிய வலுவும் கொடுத்தது.

ஒரு செயல் நடந்த பின்னர் அதனைக் குற்றமாக்கலாமா என்பதே அவ்வழக்கில் பெரிதாகப் பேசப்பட்ட விடயம். நாடுகளின் சமுதாயம் ஏற்றுக்கொண்ட பொதுச் சட்டத் தத்துவங்களின்படி ஏற்கெனவே குற்றமாக இருந்த செயலுக்கு அவ்வாறு செய்யலாம் என அரசியலமைப்பின் 13(6) ஆம் உறுப்புரை இடமளிப்பதால் சட்டம் செல்லுபடியாகும் என மேன்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றது. ஆயுள் தண்டனை ஐந்தாண்டாகக் குறைக்கப்பட்டது. ஆனால் நமது விடயத்துக்கு அந்த வழக்கின் இரண்டாவது குற்றச்சாட்டே முக்கியமானது. பாங்கொக்கில் மிரட்டிப் பெறப்பட்ட டொலர்களைக் களவுப்பொருள் எனக் கருதி, அவற்றை இலங்கையில் தம்வசம் வைத்திருந்தார் என்றும் அவர்மீது குற்றஞ்சாட்டப்பட்டது. கடத்தல் எங்கே நடந்திருந்தாலும், பணத்தை இந்த மண்ணில் வைத்திருப்பது இந்த மண்ணில் நடக்கும் குற்றம். பணம் தூயதாக்கல் என்ற சொல்லே நமது சட்டப் புத்தகங்களில் இல்லாத காலத்தில், பழைய தண்டனைச் சட்டக்கோவையைக் கொண்டே இக்கருத்து நிலைநாட்டப்பட்டது.

அந்தச் சொல் சட்டமாக வந்தது 2006 இல். அவ்வாண்டின் 5 ஆம் இலக்கப் பணம் தூயதாக்கல் தடைச் சட்டமும், 6 ஆம் இலக்க நிதியியல் கொடுக்கல்வாங்கல்கள் அறிக்கையிடல் சட்டமும் அடுத்தடுத்து இயற்றப்பட்டன. முந்திய ஆண்டில் பயங்கரவாதத்துக்கு நிதியளித்தலை ஒடுக்கும் சட்டம் வந்திருந்தது. சமாதான ஒப்பந்தம் பெயரளவில் மட்டும் உயிரோடிருந்த நாட்களில் இம்மூன்றும் பிறந்தன என்பதை வாசகர்கள் நினைவில் கொள்வது நல்லது.

5 ஆம் இலக்கச் சட்டத்தில் மூன்று அம்சங்கள் எமது மக்கள் அறிந்திருக்க வேண்டியவை. ‘சட்டவிரோதச் செயல்’ என்ற சொற்றொடருக்கு அது கொடுக்கும் வரைவிலக்கணத்தில், வேறொரு நாட்டில் புரியப்பட்டு, இங்கு புரியப்பட்டிருந்தால் சட்டவிரோதச் செயலாக அமையக்கூடிய செயலும் அடங்கும். அதாவது முதற்குற்றம் நடந்த நாடு எது என்பது முக்கியமன்று. அடுத்து, அந்த முதற்குற்றத்துக்காக யாரும் தண்டிக்கப்பட்டிருக்க வேண்டும் என்ற அவசியமும் இல்லை. அண்டை நாடான இந்தியாவில் நிலைமை சற்று வேறானது. அங்கு 2022 ஜூலை 27 ஆம் திகதி உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பின்படி, அட்டவணைக் குற்றத்திலிருந்து ஒருவர் விடுவிக்கப்பட்டால் அக்குற்றத்தின் அடிப்படையிலான பணமோசடி வழக்கும் அவருக்கெதிராக நிலைக்காது.

மூன்றாவது அம்சமே மிகக் கடுமையானது. ஒருவரிடமுள்ள பணமோ சொத்தோ அவரது அறியப்பட்ட வருமானத்தின் பகுதியாக இருக்க முடியாததெனில், மாறாக நிரூபிக்கப்படும்வரை அது சட்டவிரோதச் செயலிலிருந்து வந்தது என்றே கொள்ளப்படும். நிரூபிக்கும் சுமை இவ்விடத்தில் தோள் மாறுகிறது. தண்டனையும் இலேசானதன்று. சொத்தின் பெறுமதிக்குக் குறையாததும் அதன் மும்மடங்குக்கு மேற்படாததுமான தண்டம், அல்லது 5 முதல் 20 ஆண்டுவரை சிறை, அல்லது இரண்டும். சொத்துப் பறிமுதல் வேறு.

இத்தனை பலம் வாய்ந்த சட்டம் கையிலிருந்தும் அது பெரிய மீன்களை நோக்கி எவ்வளவு தூரம் வீசப்பட்டது என்று கேட்டால், எடுத்துக்காட்டாகச் சொல்லத்தக்கது எயார்பஸ் விவகாரமே. ஐரோப்பிய விமானத் தயாரிப்பு நிறுவனமான எயார்பஸ், ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸுக்கு விமானங்களை விற்பதற்காக அந்நிறுவனத்தின் நிறைவேற்று அதிகாரி ஒருவரின் மனைவிக்கு 1 கோடி 68 இலட்சம் டொலர் வரை வழங்க முன்வந்து, அதில் 20 இலட்சம் டொலரைக் கொடுத்ததாக 2020 ஜனவரி 31 ஆம் திகதி இலண்டன் நீதிமன்றம் அங்கீகரித்த உடன்படிக்கையில் ஒப்புக்கொள்ளப்பட்டது. மலேசியா, இந்தோனேசியா, தாய்வான், கானா ஆகிய நாடுகளின் விவகாரங்களும் அதே உடன்படிக்கையில் இருந்தன. பிரித்தானியா, பிரான்ஸ், அமெரிக்கா ஆகிய மூன்று நாடுகளுக்கும் சேர்த்து எயார்பஸ் செலுத்த இணங்கிய தொகை ஏறத்தாழ 360 கோடி யூரோ.

எயார்பஸின் தலைமையகம் பிரித்தானியாவில் இல்லை. இலஞ்சம் பெறவிருந்தவர் பிரித்தானியர் அல்லர். விமானம் வாங்கியதும் பிரித்தானியா அன்று. அவ்வாறிருக்க இலண்டனுக்கு நியாயாதிக்கம் எங்கிருந்து வந்தது? பிரித்தானியாவின் 2010 ஆம் ஆண்டு இலஞ்சச் சட்டத்தின் 7 ஆம் பிரிவு, தன் வியாபாரத்தின் ஒரு பகுதியையாவது அந்நாட்டில் நடத்தும் நிறுவனம் உலகின் எந்த மூலையில் இலஞ்சத்தைத் தடுக்கத் தவறினாலும் அதனைப் பொறுப்பாளியாக்குகிறது. எயார்பஸ் அங்கு தொழிற்சாலைகளை நடத்துகிறது. அது போதுமாயிருந்தது.

இலண்டன் அறிவிப்பு வெளியான ஒரு வாரத்துக்குள் ஸ்ரீலங்கனின் முன்னாள் பிரதான நிறைவேற்று அதிகாரி கபில சந்திரசேனவும் அவர் மனைவியும் பணம் தூயதாக்கல் தடைச் சட்டத்தின் கீழ் கொழும்பு கோட்டை நீதவான் முன் நிறுத்தப்பட்டனர். சிங்கப்பூர் வங்கிக் கணக்குக்கு வந்ததாகக் கூறப்படும் பணத்தைப் பற்றிய குற்றச்சாட்டு அது. 2024 டிசெம்பரில் அமெரிக்க இராஜாங்கத் திணைக்களம் அவர்மீது பயணத் தடை விதித்தது. குற்றச்சாட்டு குற்றத்தீர்ப்பு ஆகாது, வெளிநாட்டரசின் தடையும் தீர்ப்பாகாது என்பதை இங்கே குறித்தாக வேண்டும். நாம் சுட்டவருவது வேறு. நியாயாதிக்கம் பற்றிய தடை எதுவும் கொழும்புக்கு இருக்கவில்லை. சிங்கப்பூர்க் கணக்கு 2020 இல் திறக்கப்பட்டதும் அன்று. கொழும்பு அசைவதற்கு இலண்டன் அசைய வேண்டியிருந்தது என்பதே விடயம்.

நியாயாதிக்கம் இருப்பது வேறு, சான்று கையில் இருப்பது வேறு. வெளிநாட்டு வங்கியின் பேரேட்டை மட்டக்களப்புப் பொலிஸார் நேரே சென்று கேட்க முடியாது. 2002 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்கக் குற்றவியல் கருமங்களில் பரஸ்பர உதவிச் சட்டத்தின் கீழ் நீதி அமைச்சின் வழியாகக் கோரிக்கை செல்ல வேண்டும். அந்த நாடு இணங்க வேண்டும். ஆவணங்கள் மொழிபெயர்க்கப்பட வேண்டும். அதற்குள் ஆண்டுகள் கழிந்துவிடும். சாட்சி தொழில் ஒப்பந்தம் முடிந்து வேறு நாட்டுக்குச் சென்றிருப்பார். கணக்கு மூடப்பட்டிருக்கும்.

சான்று முழுமையாகக் கையிலிருந்த ஒரு நாட்டிலேயே வழக்கு எவ்வாறு முடிந்தது என்பதற்குச் சுவிற்சர்லாந்து எடுத்துக்காட்டு. உலகத் தமிழர் ஒருங்கிணைப்புக் குழுவுடன் தொடர்புடையவர்கள் எனப்பட்ட 13 பேர் 2018 ஜனவரியில் பெலின்சோனா நகரிலுள்ள சமஷ்டிக் குற்றவியல் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டனர். 1999 முதல் 2009 வரையிலான காலத்தில் ஒன்றரைக் கோடி பிராங்குக்கு மேற்பட்ட பணம் சிங்கப்பூர், டுபாய் வழியாக விடுதலைப் புலிகளுக்குச் சென்றது என்பது வழக்கு. அப்பணத்தில் ஒரு பகுதி பிறந்த விதம் கவனத்துக்குரியது. சாதாரணத் தொழிலாளரான தமிழர்கள், உண்மையான சம்பளத்தை விடக் கூடிய தொகை காட்டும் போலிச் சம்பளப் பத்திரங்களுடன் கடன் நிறுவனத்தில் தம் சொந்தப் பெயரில் கடன் பெற்றார்கள். பெற்ற பணத்தை இயக்கத்துக்குக் கொடுத்தார்கள். தவணையைத் தாமே கட்டுவதாக வாக்களித்தவர்கள் சிலகாலம் கட்டினார்கள். 2009 மே மாதத்துக்குப் பின்னர் கடன், கையொப்பமிட்டவர் தலையில் நின்றது.

2018 ஜூன் 14 ஆம் திகதி தீர்ப்பு வந்தது. குற்றவியல் அமைப்பொன்றுக்கு ஆதரவளித்தனர் என்ற பிரதான குற்றச்சாட்டிலிருந்து அனைவரும் விடுவிக்கப்பட்டனர். கடன் மோசடிக்காக ஐவருக்கு மட்டும் ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை கிடைத்தது. அரச தரப்பின் மேன்முறையீடும் பிரதான குற்றச்சாட்டில் 2019 இல் தோற்றது. இவ்வழக்கை அரசியல் வெற்றியாகக் கொண்டாடியவர்களும் உண்டு, நீதியின் தோல்வியாகக் கண்டித்தவர்களும் உண்டு. நம் கண்ணுக்குப் பட்டது அவையிரண்டும் அல்ல. பத்தாண்டு கால அரசியல் குற்றச்சாட்டு கரைந்துபோய், கடைசியில் சட்டத்தின் கையில் மிஞ்சியது ஒரு போலிச் சம்பளப் பத்திரம். பெரிய குற்றச்சாட்டுகள் ஆட்டங்காணும் இடங்களில் சின்னக் கையொப்பங்கள் நிலைத்துவிடுகின்றன.

இவ்விடத்தில் வாவிக்கரைக்கு, உண்டியலுக்குத் திரும்புவோம்.

உண்டியல் அல்லது ஹவாலா எப்படி வேலை செய்கிறது என்பது இங்கு பலருக்கும் தெரிந்ததே. டோகாவில் ஒரு தொழிலாளி முகவரிடம் றியால் கொடுக்கிறார். முகவர் தொலைபேசியில் செய்தி அனுப்புகிறார். ஏறாவூரிலோ கல்லடியிலோ ஒருவர் வீட்டுக்கு வந்து ரூபாவை எண்ணிக் கொடுக்கிறார். றியால் கடல் கடக்கவேயில்லை. அது அங்கேயே தங்கி, இங்குள்ள யாரோ ஒருவரின் வேறொரு தேவைக்குப் பயன்படுகிறது. அந்த யாரோ ஒருவர் சரக்கு இறக்கும் வர்த்தகராக இருக்கலாம், சுங்கத் தீர்வையை மறைப்பவராக இருக்கலாம், போதைப்பொருளுக்கு விலை செலுத்துபவராகவும் இருக்கலாம். வீட்டு வாசலில் எண்ணப்பட்ட ரூபாய்த் தாள்கள் அவருடைய தாள்கள். றியாலை உழைத்தவரின் வியர்வை நேர்மையானது. கையில் கிடைத்த தாளின் கதை வேறானதாக இருக்கக்கூடும்.

மக்கள் ஏன் இவ்வழியை நாடுகிறார்கள் என்பதற்குப் பேராசை ஒன்றே காரணமன்று. 2021 இல் டொலருக்கு ஏறத்தாழ 200 ரூபா என அரசு நாணயமாற்று வீதத்தைக் கட்டிவைத்தபோது வெளிச்சந்தையில் அதைவிடக் கணிசமாகக் கூடிய விலை கிடைத்தது. 2020 இல் 710 கோடி டொலராக இருந்த வெளிநாட்டுத் தொழிலாளர் பணவனுப்பல் 2021 இல் 549 கோடியாகவும் 2022 இல் 379 கோடியாகவும் வீழ்ந்தது. வீதம் தளர்த்தப்பட்டு, சந்தைகளுக்கிடையிலான வேறுபாடு சுருங்கியதும் 2023 இல் 597 கோடியாக ஏறியது. அந்த இடைக்காலத்தில் தொழிலாளர்கள் உழைக்காமல் இருந்துவிடவில்லை. அவர்கள் பணத்துக்கு அரசு சரியான விலை கொடுக்காததால் அது வேறு வழியால் வந்தது, அவ்வளவே. இதனை மறைத்துவிட்டு உண்டியலைத் தேசத்துரோகம் என்று பேசுவது நேர்மையாகாது.

எனினும் சட்டத்தின் கண்கொண்டு பார்த்தால் உண்டியலில் பணம் பெற்ற குடும்பம் ஓர் இடர்ப்பாட்டில் நிற்கிறது. மேலே சொன்ன அனுமானப் பிரிவை இத்துடன் சேர்த்து வாசித்தால் அது விளங்கும். பதினைந்து ஆண்டு சவூதியில் வாகனம் ஓட்டிய ஒருவர் காத்தான்குடியில் ஐம்பது இலட்சம் ரூபாவுக்கு ஒரு காணி வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். ‘இந்தப் பணம் உமது அறியப்பட்ட வருமானமா?’ என்று கேட்கப்பட்டால், வங்கி வழியாக அனுப்பியவரிடம் பதினைந்து ஆண்டுச் சீட்டுகள் இருக்கும். உண்டியலில் அனுப்பியவரிடம் உண்மை மட்டும் இருக்கும், ஆவணம் இராது. நேர்மையாக உழைத்தவர், தம் நேர்மைக்கான ஒரே சாட்சியை நூறு இருநூறு ரூபா மேலதிக வீதத்துக்காகக் கைவிட்டுவிடுகிறார். உண்டியலைப் பற்றி மத்திய வங்கி விடுக்கும் எச்சரிக்கைகளில் இந்த விளக்கமே முதலில் இடம்பெற வேண்டும் என்பது நமது அபிப்பிராயம்.

இதைவிட ஆபத்தானது கணக்கை இரவல் கொடுப்பது. ‘எனக்கு ஒரு தொகை வரவேண்டியிருக்கிறது, உமது கணக்கில் போடட்டுமா? எடுத்துத் தந்தால் பத்தாயிரம் தருகிறேன்’ என்று தெரிந்தவரோ தெரியாதவரோ கேட்பதும், இளைஞர்கள் சம்மதிப்பதும் நாட்டின் எல்லாப் பாகங்களிலும் நடக்கிறது. மியன்மாரின் மியாவாடிப் பகுதியிலுள்ள இணைய மோசடி முகாம்களில் வேலை வாக்குறுதியால் ஏமாற்றப்பட்ட இலங்கை இளைஞர்களும் அடைத்துவைக்கப்பட்டிருந்தார்கள் என்பது 2023, 2024 ஆம் ஆண்டுகளில் வெளிவந்தது. அத்தகைய மோசடிகளில் பறிக்கப்படும் பணம் பலருடைய கணக்குகளின் ஊடாகவே நகர்கிறது. ஏமாற்றப்பட்டவர் ஜேர்மனியிலும் ஏமாற்றியவர் மியன்மாரிலும் இருக்கையில், கணக்குக்குச் சொந்தக்காரர் மட்டும் வாழைச்சேனையில் கையெட்டும் தூரத்தில் இருப்பார். குற்றத்தின் பகுதி இலங்கையில் நடந்துவிட்டது. ‘எனக்கு ஒன்றும் தெரியாது’ என்ற பதில், பத்தாயிரம் ரூபா தரகு வாங்கிய பின்னர் எளிதில் ஏற்கப்படுவதில்லை. குற்றப் பணம் என்று அறிந்திருப்பதோடு, நம்புவதற்குக் காரணம் இருந்திருப்பதும் சட்டத்தின் கணக்கில் சேரும்.

இதுவரை பேசியது நீதிமன்றத்தைப் பற்றி. ஆனால் இம்மாவட்டத்தின் தமிழரும் முஸ்லிம்களும் வெளிநாட்டுப் பணம் தொடர்பாக அரசின் கையை உணர்ந்தது பெரும்பாலும் நீதிமன்றத்தின் வழியாக அன்று. 2006 இல் தமிழர் புனர்வாழ்வுக் கழகத்தின் கணக்குகள் முடக்கப்பட்டன. ஆழிப்பேரலைக்குப் பின்னர் மட்டக்களப்புக் கரையோரத்திலும் பணியாற்றிய அமைப்பு அது. அமெரிக்கா 2007 நவம்பரில் அதனைத் தடை செய்தது. 2014 மார்ச்சில் ஐக்கிய நாடுகள் பிரமாணங்களின் கீழ் 16 அமைப்புகளையும் 424 தனியாட்களையும் அரசு வர்த்தமானியில் பட்டியலிட்டது. பட்டியலில் பெயர் இருந்தால் சொத்து முடங்கும். அதற்குக் குற்றப்பத்திரமோ சாட்சியோ தீர்ப்போ தேவையில்லை. அடுத்த ஆண்டு ஆட்சி மாறியதும், 2015 நவம்பரில் 8 அமைப்புகளும் 269 பேரும் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டனர். இருபது மாதங்களில் சான்று மாறிவிட்டதா, அரசு மாறிவிட்டதா?

2019 ஏப்ரல் 21 ஆம் திகதி சீயோன் தேவாலயத்தில் நடந்த கொடுமையின் பின்னர் அந்தக் கை முஸ்லிம்களை நோக்கித் திரும்பியது. குண்டுதாரிகளின் பணம் எங்கிருந்து வந்தது என்று ஆராய்வது அரசின் கடமை. அதில் இரண்டு அபிப்பிராயம் இருக்க முடியாது. ஆனால் புணானையில் சவூதி அரேபியாவிலிருந்து வந்த நிதியில் எழுந்த ‘மட்டக்களப்பு கம்பஸ்’ விவகாரத்தில், ‘இந்தப் பணம் எந்தக் குற்றத்திலிருந்து பிறந்தது?’ என்ற சட்டக் கேள்வியைக் கேட்டவர்கள் குறைவு, ‘இவ்வளவு பணம் ஏன் வந்தது?’ என்று கேட்டவர்களே அதிகம். அரசு அதனைப் பொறுப்பேற்க வேண்டும் என நாடாளுமன்றக் குழு பரிந்துரைத்தது. 2020 இல் அது கொரோனாத் தனிமைப்படுத்தல் நிலையமானது. 2023 இல் உரியவர்களிடம் திருப்பிக் கையளிக்கப்பட்டது. அந்த நிறுவனத்தின் நிர்வாகம், அனுமதி, பாடத்திட்டம் பற்றி நியாயமான விமர்சனங்கள் இருக்கலாம். அவை வேறு. முதற்குற்றம் ஒன்று காட்டப்படாதவரை வெளிநாட்டுப் பணம் வெறும் வெளிநாட்டுப் பணம்தான்.

குற்றவியல் நீதிமன்றத்தின் நியாயாதிக்கம் கடல் கடந்து நீள்வதை நாம் ஏன் வரவேற்கிறோம் என்பதற்கான காரணமும் இதுவே. நீதிமன்றத்தில் குற்றச்சாட்டு எழுத்தில் இருக்க வேண்டும். பணம் எந்தச் செயலிலிருந்து பிறந்தது என்று சட்டமா அதிபர் சொல்ல வேண்டும். எதிரிக்குச் சட்டத்தரணி உண்டு, மேன்முறையீடு உண்டு. பட்டியலில் இவை எதுவும் இல்லை. பெலின்சோனாவில் 13 பேரையும் காத்தது அவர்களது அரசியல் அன்று. குற்றச்சாட்டை நிரூபிக்குமாறு நீதிமன்றம் வற்புறுத்தியதே அவர்களைக் காத்தது.

2025 ஏப்ரலில் நாடாளுமன்றம் குற்றத்தின் வரும்படிகள் தொடர்பான புதிய சட்டமொன்றை நிறைவேற்றியிருக்கிறது. குற்றத்தீர்ப்பு இல்லாமலேயே, சொத்தின் மீது வழக்குத் தொடர்ந்து அதனைப் பறிமுதல் செய்ய அச்சட்டம் வழிவகுக்கிறது. வெளிநாடுகளில் பதுக்கப்பட்ட அரசியல்வாதிகளின் செல்வத்தை மீட்பதே நோக்கம் எனச் சொல்லப்பட்டது. நல்ல நோக்கம்தான். அச்சட்டத்தின் கீழ் முதலில் யாருடைய பெயர்கள் வருகின்றன, சிங்கப்பூரிலும் டுபாயிலும் கணக்கு வைத்திருப்பவர்களா, அல்லது அங்கிருந்து வீட்டுக்கு ரூபா அனுப்பியவர்களா என்பதை இப்பிரதேச மக்கள் பிரதிநிதிகள் கவனித்துவர வேண்டும்.

சொத்து முடக்கத்தைப் பற்றி ஒரு நடைமுறை விடயமும் உண்டு. 2006 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பொலிஸ் அத்தியட்சகர் தரத்திலுள்ள அதிகாரி பிறப்பிக்கும் முடக்கல் கட்டளைக்கு ஏழு நாள் மட்டுமே ஆயுள். அதன்பின் அதனை நீடிப்பது மேல் நீதிமன்றத்தின் கையில் உள்ளது. அந்த ஏழு நாளுக்குள் கணக்குக்குரியவர் சட்டத்தரணி ஒருவரைக் கண்டு, சம்பளச் சீட்டுகள், தொழில் ஒப்பந்தம், வங்கிக் கூற்றுகள் ஆகியவற்றைத் திரட்டியாக வேண்டும். கட்டளை தமிழில் கிடைத்தால்தான் அது சாத்தியம். வடக்கு கிழக்கில் தமிழ் நீதிமன்ற மொழி என்பது அரசியலமைப்பில் உள்ள விடயம். கட்டளைப் பத்திரமும் அவ்வாறே தமிழில் வருகிறதா என்பதை மட்டக்களப்புச் சட்டத்தரணிகள் சங்கம் கேட்டு உறுதிசெய்துகொள்ளலாம்.